தை முதல் நாள் கூடை

மரியநாயகிக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று நோர்வூட் பக்கத்தில் சொல்வார்கள். சுத்தப் பொய். அவளைப் போலப் பயந்தாங்கொள்ளி அந்த மலையிலேயே கிடையாது. அட்டைக்குப் பயம், இடிக்குப் பயம், துரை பங்களா நாய்க்குப் பயம், கணக்கப்பிள்ளை தொண்டையைச் செருமினால் அதற்கும் பயம். ஒரேயொரு ஆளுக்கு மட்டும் பயப்படாமல் இருக்கப் பழகிக்கொண்டாள். ஊர் முழுக்கப் பயந்து செத்ததோ அந்த ஒரு ஆளுக்குத்தான்.

நாற்பத்தொன்பதாம் வருஷம் புரட்டாசி மாதம். அவள் புருஷன் கஸ்பருக்கு வாய் கொஞ்சம் நீளம். தேயிலைக் கொழுந்து நிறுவையில் களவு நடக்கிறது என்று கணக்கப்பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அதனால்தான் மறுநாளே பத்துச்சீட்டு வந்தது. பத்துச்சீட்டு என்றால், இனி உனக்கு இந்தத் தோட்டத்தில் வேலை இல்லை என்று துரை கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற துண்டு. புருஷனுக்குச் சீட்டு என்றால் பெண்டாட்டிக்கும் சேர்த்துத்தான். காலைப் பெரட்டில் பேர் கூப்பிடாத ஆளுக்கு லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் காம்பரா அறை கிடையாது. கஸ்பரின் அப்பா பிறந்ததும் அந்தக் காம்பராவில்தான், செத்ததும் அதில்தான். இருந்து என்ன? சுவரும் தோட்டத்துடையது, கூரையும் தோட்டத்துடையது. சட்டி பானையைத் தூக்கி மழையில் வைத்துவிட்டு வாட்ச்சர் கதவைப் பூட்டினான்.

கஸ்பர், "ஊர்ல அண்ணன் இருக்கான், எடம் பாத்துட்டுக் கடுதாசி போடுறேன்" என்று சொல்லித் தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏறினான். ஏறினவன் ஏறினவன்தான். கடுதாசியும் இல்லை, ஆளும் இல்லை. பாவி மனுஷன், உயிரோடு இருக்கிறானா என்றுகூட அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

தோட்டத்து எல்லைக்குக் கீழே, ஆற்றைத் தாண்டினால் அரை ஏக்கர் காணி ஒன்று காடு மண்டிக் கிடந்தது. நடுவில் ஒரு தகரக் குடிசை. மழைக்கு ஒதுங்கத்தான் மரியநாயகி அங்கே போனாள். வாசலில் மேலிருந்து கீழ்வரை நூலாம்படை. கையால் விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, இருட்டில் தடவியபோது விரல் அடுப்புச் சாம்பலில் பட்டது. சாம்பல் சூடாக இருந்தது.

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். கிழிந்த நூலாம்படை அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கிழித்தது. அதற்கு முன்னால் மாதக்கணக்கில் யாரும் அந்த வாசலில் நுழைந்திருக்க முடியாது. ஆனால் மூன்று நாள் மழையில் நனைந்து பல் கிட்டிப்போன மனுஷிக்கு, சாம்பல் எப்படிச் சூடாக இருக்கிறது என்ற கேள்வியைவிடச் சூடாக இருக்கிறதே என்ற நிம்மதிதான் பெரிதாக இருந்தது. நாலு சுள்ளியைச் செருகி ஊதினாள். பற்றிக்கொண்டது.

விஷயம் கேள்விப்பட்டு, லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரியாக இருந்த நாகலெட்சுமி ஒரு கிண்ணம் சோற்றோடு வந்தாள். வந்தவள் வாசலைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"அடியே, இது வீரய்யா இருந்த எடம்டி. செத்து ரெண்டு வருஷமாச்சு. அந்தா, அந்தக் கொய்யா மரத்தடியிலதான் பொதைச்சாங்க. பொழுது சாஞ்சா இந்தப் பக்கம் ஈ காக்கா வராது. எந்திரிச்சு வாடி."

"எங்க வர? ஒன் காம்பராவுக்கா? வாட்ச்சரு ஒன்னையும் சேத்துல்ல வெரட்டுவான்." மரியநாயகி சோற்றைப் பிசைந்தாள். "ஆளு எப்படிப்பட்டவரு?"

"தங்கமான மனுசன். மரக்கறி போடுவாரு, மூங்கில்ல கூடை பின்னுவாரு. யாருமில்லாத ஒத்தக்கட்ட."

"அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே கதைதான்" என்றாள் மரியநாயகி.

வாயால் அப்படிச் சொல்லிவிட்டாளே தவிர, முதல் மாதம் ஜெபமாலையைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. கதவு மூலையில் ஒரு மண்வெட்டி சாய்ந்திருந்தது. காட்டை வெட்டிப் பாத்தி கட்ட ஆரம்பித்தாள். மலையில் பகல் இரண்டு மணிக்கெல்லாம் மூட்டம் இறங்கிவிடும். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அந்த மூட்டத்துக்குள்ளே காணியின் அடுத்த ஓரத்தில் இன்னொரு மண்வெட்டிச் சத்தம் கேட்கும். இவள் வெட்டினால் அதுவும் வெட்டும். இவள் நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும், ஒரேயொரு வெட்டுக் கூடுதலாகக் கேட்ட பிறகு.  எதிரொலி என்று மனதைத் தேற்றிக்கொள்ள அந்த ஒரு வெட்டு இடம் வைக்கவில்லையே! மூட்டம் கலைந்ததும் போய்ப் பார்ப்பாள். அங்கே ஒரு பாத்தி புதிதாகக் கொத்தியிருக்கும். ஈரக் காற்றில் சுருட்டு வாடை நிற்கும்.

ஒரு நாள் அழுதேவிட்டாள். மூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டு, "நான் புடுங்கிக்க வரல்லைங்க. ஒதுங்கத்தான் வந்தேன். போகச் சொன்னா போயிர்றேன்" என்றாள்.  மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால், அவள் வெட்டத் தெரியாமல் விட்டிருந்த வாய்க்கால் ஆற்றிலிருந்து பாத்திவரை நேர்த்தியாக வெட்டப்பட்டுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றோடு பயம் விட்டது என்று சொல்ல மாட்டேன். பழகிவிட்டது, அவ்வளவுதான். நவம்பர் இரண்டாம் தேதி ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. தன் ஆத்தா அப்பனுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினவள், இன்னொன்றைக் கொய்யா மரத்தடியில் குத்துக்கல்லுக்கு முன்னால் கொளுத்தினாள். அவர் சைவக்காரர், இவள் வேதக்காரி. வெளிச்சத்துக்கு மதம் ஏது என்று நினைத்தாளோ என்னவோ, வருஷம் தவறாமல் கொளுத்தினாள்.

இரண்டு காரியம் மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. மார்கழிக் கடைசியில் ஒரு நாள் காலையில் வாசற்படியில் பச்சை மூங்கில் சீவல் சுருள் சுருளாகக் கிடக்கும். கூட்டி அள்ளி அடுப்பில் போட்டுவிடுவாள். அதற்குப் பிறகு தை பிறக்கிற அன்று, முதல் பூசணியும், கோவா என்கிற முட்டைக்கோஸில் முதலாவதும் தோட்டத்தில் இருக்காது. காம்பு கத்தியால் வெட்டினாற்போல நறுக்கென்று இருக்கும். பன்றிக்குக் கத்தி ஏது? வயிற்றுப் பாட்டுக்கு எவனோ எடுத்துப் போகிறான், போகட்டும் என்று விட்டுவிட்டாள். உள்ளுக்குள் வேறு மாதிரி நினைத்திருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமோ என்றுதான் கேட்காமலே இருந்தாள்.

இப்படியே பதினோரு வருஷம் ஓடிற்று. கோவாவும் கரட்டும் விற்றுக் கஞ்சி குடித்தாள். தோட்டத்து ஜனங்களுக்கு, நீ இந்த நாட்டு ஆளில்லை, கடலுக்கு அந்தப் பக்கத்து ஆள் என்று அரசாங்கத்திலிருந்து பெட்டி பெட்டியாகக் கடுதாசி வந்துகொண்டிருந்த காலம் அது. எந்தப் புத்தகத்திலும் பேர் இல்லாத மரியநாயகிக்கு இருந்ததெல்லாம் அந்தக் குடிசை ஒன்றுதான். அது போனால் தெரு.

அறுபத்தொன்றில் நூர்தீன் முதலாளி வந்தார். நோர்வூட் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தவர். நல்ல மனுஷர், யாரையும் அதட்டிப் பேசமாட்டார். கூடவே காணியை வாங்க வந்த ஒரு லொறிக்காரரும் இருந்தார்.

"மரியநாயகி, இது எங்கட வாப்பா வாங்கின காணி. உறுதிப் பத்திரம் எண்ட கையில ஈக்கி. இவருக்கு விக்கப் போறன். மூணு மாசம் தாறன், வேற எடம் பாருங்க" என்றார் நூர்தீன்.

"எனக்கு எங்கங்க மொதலாளி வேற எடம்? இத்தன வருஷமா ஒரு வார்த்த கேக்கலியே நீங்க?"

லொறிக்காரர் குறுக்கே விழுந்தார். "ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரிய வெரட்டின கதையால்ல இருக்கு!"

அந்தச் சொல் மரியநாயகிக்குச் சுருக்கென்றது. பயந்தாங்கொள்ளிக்கும் ரோஷம் உண்டு. மாதா கோயில் சுவாமியார் கைகாட்டிவிட, யேசுரட்ணம் என்ற யாழ்ப்பாணத்துப் பிறக்கிராசி வக்கீலிடம் போய் நின்றாள். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எல்லாவற்றையும் கேட்டார்.

"இஞ்ச பாரும், காணிக்கு உரித்துக்காரன் எண்டது வேற, காணியை ஆட்சி பண்ணுறவன் எண்டது வேற. உறுதி அவற்றை பெட்டியில கிடக்குது. நிலம் உம்மட காலுக்குக் கீழ கிடக்குது. பத்து வருஷம் ஒருத்தற்றை தயவும் இல்லாமல், இடையில விடாமல், உம்மட சொந்தம் மாதிரி ஆண்டிருந்தீரெண்டால், சட்டம் அந்த உரித்தையே தூக்கி உமக்குத் தந்திடும்."

"நெசமாவாங்க ஐயா?"

"ஒண்டே ஒண்டுதான். அவருக்கு வாடகை, குத்தகை, விளைச்சலில ஒரு பங்கு, ஏதும் எப்பவாவது குடுத்தனீரோ? ஒரு கத்தரிக்காய் குடுத்திருந்தாலும் போச்சு. அவரைச் சொந்தக்காரன் எண்டு நீர் ஒப்புக்கொண்டதாப் போயிடும்."

"மாதா சத்தியமா ஒரு கறிவேப்பில கூட குடுத்ததில்லைங்க."

யேசுரட்ணம் சிரித்தார். "அப்ப காணி உம்மடதான்."

அன்றைக்கு மரியநாயகி வீட்டுக்கு நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக நிமிர்ந்து நடந்தாள். கொய்யா மரத்தடியில் நின்று, "கேட்டீங்களா, இது நம்மளுதாகப் போகுதுங்க" என்று சொன்னாள். மரத்தில் ஒரு இலை அசையவில்லை. அன்று மூட்டத்துக்குள்ளே மண்வெட்டிச் சத்தமும் கேட்கவில்லை. அவளுக்கு அது என்னவோ போலிருந்தது.

மரியநாயகி எழும்பவில்லை என்றதும் நூர்தீன் முதலாளி வழக்குப் போட்டார். கோர்ட்டில் அவருடைய சாட்சியம்தான் முதலில். அவருடைய பிறக்கிராசி சைகை காட்ட, கடைப் பையன்கள் மூங்கில் கூடைகளைக் கொண்டுவந்து மேசைமேல் வரிசையாக அடுக்கினார்கள். பன்னிரண்டு கூடை. எல்லாம் ஒரே அளவு, ஒரே பின்னல். ஒன்று நன்றாகக் கறுத்திருந்தது. கடைசியில் இருந்ததில் இன்னும் கொஞ்சம் பச்சை மிச்சமிருந்தது.

"வாப்பா காலத்துல வீரய்யா எண்டு ஒருத்தன் அந்தக் காணியப் பாத்துக்கிட்டான்" என்றார் நூர்தீன். "தை ஒண்ணு எண்டா, மொத வெள்ளாமைய ஒரு புதுக் கூடையில வச்சி, விடியக்காலம் எங்கட வாசல்ல வச்சிட்டுப் போவான். வாப்பா அவனுக்கு ஒரு வேட்டியும் ஒரு கட்டுப் பொகையிலயும் குடுப்பாரு. அதுதான் குத்தகை. அவன் மவுத்தாகி ரெண்டு வருஷம் கூடை வரல்ல. இவங்க குடியேறின பொறகு திரும்பவும் வர ஆரம்பிச்சிது. ஒரு தை கூடத் தவறல்ல. கூடை வருதே, நம்மட காணிய நம்மட ஆள்தானே பாத்துக்குது எண்டுதான் நானும் இத்தன வருஷம் ஒண்டும் கேக்கல்ல."

மரியநாயகி அந்தக் கூடைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசற்படியில் சுருள் சுருளாகக் கிடந்த பச்சைச் சீவல் கண்ணுக்குள் வந்தது. பன்னிரண்டு மார்கழி தன் கையாலேயே கூட்டி அள்ளி அடுப்பில் போட்டிருக்கிறாள். அவளை இத்தனை காலம் அந்தக் குடிசையில் குடிவைத்தது எது, இப்போது அவளை வெளியே தள்ளப்போவது எது என்று ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. இரண்டும் அந்தக் கூடைதான்.

சாப்பாட்டு நேரத்தில் யேசுரட்ணம் அவளை மரத்தடிக்குக் கூட்டிப்போனார். மனுஷருக்கு வியர்த்திருந்தது. "நீர் குடுக்கேல்லைத்தானே? ஆர் வச்சது எண்டு கேட்டால், 'எனக்குத் தெரியாது' எண்டு சொல்லும். அந்த ஒரு சொல் காணும். அது பொய்யுமில்லை. உம்மட கண்ணால கண்டனீரோ?"

"இல்லைங்க ஐயா. கண்ணால பாத்ததில்ல."

"அப்பிடியெண்டால் தெரியாது. விளங்குதோ?"

விளங்கியது. தலையாட்டினாள்.

வேதப் புத்தகத்தை முத்தமிட்டுக் கூண்டில் ஏறினாள். நீதவான் இங்கிலீசில் கேட்டார். மொழிபெயர்க்கிற முதலியார் தமிழில் சொன்னார். கூடையை அவள் கொடுத்தாளா? இல்லை. ஆள் வைத்துக் கொடுத்தனுப்பினாளா? இல்லை. "அப்படியானால் இந்தக் கூடைகளைப் பின்னி வைத்தது யார், தெரியுமா?"

தெரியாது. நாலே எழுத்து. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. யேசுரட்ணம் கண்ணாடிக்கு மேலாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மரியநாயகிக்கோ வாய்க்காலில் ஓடிய தண்ணீர் ஞாபகம் வந்தது. யாருமில்லாத ஒத்தக்கட்டை. அவர் இருக்கிறார் என்று தெரிந்த ஒரே ஆள் இந்த உலகத்தில் தான்தான்; தானும் தெரியாது என்றால் அந்த மனுஷன் அப்புறம் எங்கே போவார்?

"தெரியும்ங்க ஐயா" என்றாள். "வீரய்யாதாங்க."

"வீரய்யா செத்துப் பதினாலு வருஷம் ஆகிறதே?"

"ஆமாங்க. செத்துத்தான் போனாரு. ஆனா அங்கனதான் இருக்காரு. மூங்கிச் சீவல நான்தாங்க ஒவ்வொரு வருஷமும் கூட்டி அள்ளுவேன். பூசணி என் தோட்டத்துப் பூசணிதாங்க. அவருதான் கொண்டுபோயிருக்காரு."

கோர்ட்டே சிரித்தது. லொறிக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். யேசுரட்ணம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். நூர்தீன் முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

தீர்ப்பு அடுத்த வருஷம் மாசியில் வந்தது. பேய் கொண்டுபோனதா, மனிதன் கொண்டுபோனதா என்பது இந்த மன்றத்துக்குத் தேவையில்லாத விஷயம். கூடை அந்தக் காணியிலிருந்துதான் போயிற்று, விளைச்சலும் அந்தக் காணியுடையதுதான் என்று பிரதிவாதியே ஒப்புக்கொள்கிறாள். ஆகவே அங்கே நடந்த ஆட்சி முழுவதும் உரித்துக்காரரின் உரித்துக்குக் கீழ்ப்பட்ட ஆட்சிதான் என்று எழுதியிருந்தார் நீதவான். சட்டப்படி அதில் ஒரு ஓட்டை சொல்ல முடியாது. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை.

பங்குனியில் கோர்ட் உத்தரவோடு பிஸ்கால்காரர் வந்து சட்டி பானையை வெளியே எடுத்து வைத்தார். மரியநாயகிக்கு இது இரண்டாம் தடவை.  முந்தானை முடிச்சில் அடுத்த விதைப்புக்கு எடுத்து வைத்திருந்த பூசணி விதை இருந்தது. இனி எந்த நிலத்தில் போட? அவிழ்த்துக் கொய்யா மரத்தடியில் கொட்டிவிட்டு, "வர்றேங்க" என்று சொல்லிக்கொண்டு நடந்தாள். பிஸ்கால்காரர் குடிசையைப் பூட்டிச் சாவியை நூர்தீன் முதலாளியின் கையில் கொடுத்தார்.

எல்லாரும் ஆற்றுப் பாலத்துக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது, பூட்டின குடிசையின் கூரையிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. மெல்லிசாக, நிதானமாக, யாரோ தேத்தண்ணிக்கு உலை வைத்தாற்போல. அடுப்பை அவித்து மூன்று மணி நேரமாகியிருந்தது. லொறிக்காரர் அந்தப் பாலத்திலேயே நின்று, தனக்குக் காணி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நூர்தீனும் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. சாவியை இடுப்புப் பட்டிப் பையில் போட்டு இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சுவாமியார் மரியநாயகிக்குக் கோயில் கூட்டுகிற வேலையும், சமையல் குசினிக்குப் பின்னால் ஒரு அறையும் கொடுத்தார். அதுவும் கோயிலுக்குச் சொந்தம்தான். நவம்பரில் ஆத்துமாக்கள் திருநாளன்று ஆற்றைத் தாண்டிப் போய், மரத்தடியில் வழக்கம்போல் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தாள். கல்லைச் சுற்றிப் பூசணிக்கொடி பச்சைப்பசேலென்று படர்ந்திருந்தது. குடிசைப் பூட்டில் துரு ஏறியிருந்தது. அடுப்பு வாடை வந்தது.

அறுபத்துமூன்று, தை முதல் நாள். முதல் பூசைக்கு மணி அடிக்கப் போகலாம் என்று விடிந்ததும் மரியநாயகி கதவைத் திறந்தாள். படியில் ஒரு கூடை. பச்சை மூங்கில், பின்னல் இன்னும் ஈரம். உள்ளே ஒரேயொரு பூசணி. காம்பு நறுக்கென்று வெட்டியிருந்தது. வெட்டுவாயில் பால் துளி காயவில்லை. மூட்டம் முகத்தில் மோதியது. அதில் சுருட்டு வாடை.

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ, மணி அடிக்க மறந்தே போனாள். செருப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தால் நூர்தீன் முதலாளி நிற்கிறார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.

"இண்டைக்கு எங்கட வாசல்ல கூடை இல்ல" என்றார். பிறகுதான் படியைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "நீங்க போய் எடுத்துட்டு வந்ததா?"

"எனக்குக் கூடை பின்னத் தெரியாதுங்க. குடிசச் சாவியும் எங்கிட்ட இல்ல. அது ஒங்க இடுப்புலதான இருக்கு மொதலாளி."

அவர் பட்டியைத் தொட்டுப் பார்த்தார். சாவி இருந்தது. "உறுதி எண்ட பேர்ல. தீர்ப்பு எண்ட பக்கம். சாவி எண்ட கையில. பொறகென்ன?" என்று பூசணியைப் பார்த்துக் கேட்டார். அதுவா பதில் சொல்லும்? பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "சரி, எனக்கு ஒரு துண்டு வெட்டித் தாங்க. ஊட்டுல புள்ளைகளுக்கு ஆக்கிக் குடுப்பம். வாப்பா காலத்து வழக்கம், அறுந்து போகப்படாது" என்றார்.

லயத்தில் ஒரு வீட்டில் பூசணி வெட்டினால் நாலு வீட்டுக்குக் கீற்றுப் போகும். வளர்ந்த பழக்கம் அது. மரியநாயகி யோசிக்காமலே உள்ளே போய்க் கத்தியை எடுத்து வந்தாள். பூசணியை மடியில் வைத்தாள். கத்தி தோலில் பட்டது. அந்த நொடியில் கோர்ட் மேசைமேல் வரிசையாக இருந்த பன்னிரண்டு கூடைகளும், ஒரு கத்தரிக்காய் கொடுத்தாலும் போச்சு என்று யேசுரட்ணம் சொன்னதும் அவள் நினைவில் வந்து நின்றன. கத்தியைக் கீழே வைத்தாள்.

"தேத்தண்ணி ஊத்தித் தாரேன், குடிச்சிட்டுப் போங்க மொதலாளி. இத மட்டும் தர மாட்டேங்க. இது என் காணி வெள்ளாமை."

நூர்தீன் தொப்பியைப் போட்டுக்கொண்டார். திரும்பி நாலடி நடந்தவரை மரியநாயகி கூப்பிட்டாள்.

"மொதலாளி, ஒங்க கடையில நல்ல பொகையில இருக்குங்களா? ஒரு கட்டும், ஒரு வேட்டியும் எடுத்து வைங்க, பூச முடிஞ்சதும் வந்து வாங்கிக்கிறேன். தை ஒண்ணு இல்லீங்களா. காணிக்காரங்க குடுக்க வேண்டியதக் குடுத்துறணும்."